ஆராட்டுச் சீட்டு

பெருமாள் கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் இருக்கும் வீட்டின் மாடியறையில் ராஜஸ்ரீ சீட்டுகளைக் கலைத்துப் பங்கிட்டுவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பௌதிகம் படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் அவளே வரைந்து வெட்டி உண்டாக்கிய விளையாட்டு அது. கொக்கு, பருந்து, மீன்கொத்தி என்று மூன்று விமானக் கம்பெனிகள். யாரும் எதிலும் பங்கு வாங்கலாம், விற்கலாம். ஒரு கம்பெனியின் விமானங்கள் மேசையில் இறங்க இறங்க அதன் பங்கு விலை ஏறும்.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். பெரியப்பா மகன் வினய், அவன் மனைவி ஸ்மிதா, பழவங்காடியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் அபிஜித். அபிஜித் வந்ததுமே சொல்லிவிட்டான்.

"ராஜி, ஒரு ஆட்டம் முடிஞ்சு இவங்க ரெண்டாமதும் ஆடணும்னு கேட்டா நான் அச்சடிக்கறேன். கேக்கலேன்னா சங்கடப்படக்கூடாது, கேட்டோ."

அவள் தலையாட்டினாள். விதிகளைக்கூட வாயால் சொல்ல வெட்கப்பட்டு, தாளில் எழுதித்தான் நீட்டியிருந்தாள்.

ஆட்டம் சூடு பிடிக்கவில்லை. ஸ்மிதா நடுநடுவே போனைப் பார்த்தாள். வினய் பருந்தின் பங்குகளாக வாங்கிக் குவித்தான். அப்போது சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது: 'ஆராட்டு. ஓடுபாதை மூடல். அதிக விமானங்கள் விட்ட கம்பெனியின் விலை பாதியாகும்.'

"என்னடீ அக்கிரமம் இது!" வினய் சீட்டுகளை வீசினான். "பெருமாள் ஏர்போர்ட் ஓடுபாதை வழியா சங்குமுகம் கடல்ல நீராடப் போற நாள் எதுன்னு தெரியாம இந்த ஊர்ல எவனாவது ப்ளேன் விடுவானா? சித்தி காலண்டர்ல வட்டமே போட்டு வெச்சிருக்கா!"

"தோத்ததும் நியாயம் பேச வந்துடும் உங்களுக்கு" என்றாள் ஸ்மிதா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அபிஜித் ஹெல்மெட்டை எடுத்தான். யாரும் இன்னொரு ஆட்டம் கேட்கவில்லை.

ராஜஸ்ரீ மட்டும் சிரிக்காமல் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வினய் அண்ணா சொன்னது சரிதான். புயல் சொல்லாமல் வரலாம். ஆராட்டு அப்படி வராது. ஊருக்கே தெரிந்த நாளைத் திடீர் ஆபத்தாகக் கட்டுக்குள் ஒளித்து வைத்தது அவள் தப்பு. தெரிந்தே எல்லோரும் அதை நோக்கிப் போனால்?

அபிஜித் படியில் கால் வைத்துவிட்டான்.

"போகாதீங்கோ!"

அவள் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. மூவரும் திரும்பினார்கள். முகம் சுட்டது. ஆனாலும் எழுந்து வந்து ஆராட்டுச் சீட்டை மேசை நடுவில் திறந்து வைத்தாள். கொறிக்க வைத்திருந்த தட்டிலிருந்து கொஞ்சம் வறுத்த கடலையை எடுத்துச் சீட்டின் மேல் வரிசையாக அடுக்கினாள்.

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கடலை எடுக்கணும். தீர்ந்தா ஊர்வலம்."

"எடுத்ததை?" என்றான் வினய்.

"தின்னலாம்."

"சரி, இது கழிஞ்சா நான் போணும்" என்று அபிஜித் உட்கார்ந்தான்.

இப்போது விலை ஏறவும் வேண்டும், ஊர்வலம் வரும்போது முதலிடத்தில் இருக்கவும் கூடாது. மூவரும் அடுத்தவர் கையைப் பார்த்துப் பார்த்து ஆடினார்கள். ஸ்மிதாவின் போன் அடித்தது. பார்க்காமலே அணைத்தாள். வினய் பழக்கதோஷத்தில் கடலைக்குக் கை நீட்டியபோது ஸ்மிதா அந்தக் கையிலேயே ஓர் அடி போட்டாள்.

"ஆராட்டைத் தின்னாதீங்கோ! என் பங்கு இன்னும் விக்கலை."

கடைசிக் கடலைக்கு முன் அவள் எல்லாவற்றையும் விற்றுவிட்டாள். வினய் இன்னும் ஒரு சுற்று என்று பிடித்து வைத்திருந்தான். பருந்து மறுபடியும் பாதியாகச் சரிந்தது.

"கள்ளி! வீட்டுக்குள்ளயே ஒரு எதிரி" என்றான் அவன். "கலைச்சுப் போடு ராஜி. இந்தத் தடவை நான் மீன்கொத்தி."

ராஜஸ்ரீ அபிஜித்தைப் பார்த்தாள். அவன் ஹெல்மெட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுக் காலித் தட்டை அவளிடம் நீட்டினான்.

கீழே அம்மா லலிதாம்பாள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். "என்னடீ, முடிஞ்சுதா?"

"இல்லம்மா" என்றாள் ராஜஸ்ரீ. "இன்னும் கொஞ்சம் கடலை வேணும்."