சுவரில்லா வீடுகளின் தீவு

கதிரவன் உச்சியினின்று சற்றே சாய, நகரின் நடுவே இருகிளையாய்ப் பிரிந்தோடும் ஆற்றின் மேனியெங்கும் வெயில் பளபளக்க, இருகரை அடுக்குமாடிகளும் ஒன்றையொன்று முட்டி நின்று கீழே எட்டிப்பார்க்கும் பிற்பகற்பொழுதிலே, அக்கிளைகளுக்கு இடையே, ஊரார் உடைந்த நாற்காலியும் கிழிந்த மெத்தையும் கொட்டிக் கொட்டி மறந்துபோன தீவொன்று கிடந்தது. பாலத்தின்மேல் போவோர் வருவோரெல்லாம் அதனைக் கண்டும் காணாதவராய் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்தனர். அன்பரே, நீரும் நானும் அவர்களுள் அடக்கம், மறுக்க வேண்டா.

அத்தீவைப் பொதுமக்கள் உலாவும் பொழிலாக்கும் பணி, வடிவமைப்புத் தொழிலிலே முதன்முறையாகத் தனிப்பொறுப்பேற்ற ஒரு நங்கைக்கு வாய்த்தது. குப்பையகற்றி, புதர் களைந்து, நில அளவையரான தன் தமையனைத் துணைகொண்டு, தாளில் வரைந்ததை மெய்யளவிலே மண்மேல் சுண்ணத்தூளால் வரைவித்து, நடுவே நீரூற்றுடன் பெருவட்ட மன்றம் ஒன்றைக் குறித்து, அதன் அழகைத் தானே பார்த்துப் பார்த்துப் பூரித்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வரைந்து முடித்த அன்று மாலை நகரத்தலைவர் வந்து அக்கோடுகளின்மேல் நடந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். தராவிடில், தீவு வண்டிகள் நிறுத்துமிடமாகிவிடும்.

ஒரு தலைமுறைக்கு முன், பெருவெள்ளத்திற்குப் பின், அத்தீவினின்று கரைக்குப் பெயர்க்கப்பட்ட குடிகள் சிலரையும், தலைவர் வருமுன் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்ப்போம் என்று அவள் அழைத்திருந்தாள். தையற்காரி ஒருத்தி முன்னே வர, மற்றவர் சிரிப்பும் கூச்சலுமாய்ப் பின்னே வந்தனர். வந்தவர்கள் செய்த வேலையைக் கேளும்! ஒருவராவது கோட்டின்மேல் நடந்தாரில்லை. வெட்டவெளியிலே இல்லாத மூலைகளில் வளைந்தனர். இல்லாத சந்தொன்றில் ஒருவர்பின் ஒருவராய் ஒருக்களித்துப் புகுந்தனர். நெட்டையரொருவர், தலைக்குமேல் வானமன்றி வேறெதுவும் இல்லாதவிடத்தே, பணிவாகக் குனிந்து நுழைந்தார்.

"என்னங்க இது, வெறுந்தரையில குனிஞ்சு போறாரு? வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றான் தமையன்.

"அது எங்க வீட்டு நிலைப்படி தம்பி. அவருதான் எங்க வீட்டுக்காரர். எத்தன தடவ மண்டைய இடிச்சுக்கிட்டிருப்பாரு!" என்று சிரித்த தையற்காரி, நங்கையின் பக்கம் திரும்பிக் குரல் தாழ்த்தினாள். "உங்க வட்டம் அழகாத்தான் இருக்கும்மா. ஆனா அது எங்க தெருவுல இருந்த அத்தன அடுப்பு மேலயும் போகுது. அடுத்தவங்க அடுப்ப மிதிச்சுக்கிட்டு நாங்க எப்படி நடக்கறது, சொல்லுங்க?"

நங்கைக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெருமையோடு வரைந்த வட்டத்தை ஒருகணம் நோக்கினாள். இல்லாத சுவரோரம் கவனமாய் நடக்கும் மாந்தரை மறுகணம் நோக்கினாள். அடடா, ஓர் ஊரே கண்முன் நடக்கிறதே, இதைவிட்டு எதை வரைந்தேன் என்று உள்ளம் துள்ள, செருப்புக் காலாலேயே சுண்ணக்கோட்டைச் சரசரவென்று அழிக்கலானாள்.

"ஐயையோ! என்ன பண்ற நீ? தலைவர் வர்ற நேரம்! ராப்பகலா உக்காந்து போட்ட வட்டம்டி!"

"அண்ணா, கயித்தப் பிடி! அவங்க எங்க திரும்புறாங்களோ அங்கெல்லாம் ஒரு முளை அடி. சீக்கிரம்!"

"வேலை போச்சுன்னா அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. என்னை இழுக்காத!" என்று முணுமுணுத்தவாறே அவன் முளையறைய, கயிறு ஓட, சுண்ணம் பறக்க, தீவு திருமணவீடுபோல் அமளிதுமளிப்பட்டது.

"இது எங்க சுவரு!"

"யாரு சொன்னா? உங்க மாமியார் ராவோட ராவா தள்ளி வச்ச சுவரு இது!"

பழைய சண்டைகளெல்லாம் சிரிப்போடு உயிர்த்தெழுந்தன. சந்துகள் நடைபாதைகளாகவும், வீட்டுத் தளங்கள் அமர்ந்து பேசும் புல்வெளிகளாகவும், பொதுக்குழாய் நின்றவிடம் நீரூற்றாகவும் அவள் கண்ணில் விரைந்து விரைந்து உருக்கொண்டன.

தலைவர் வந்தார். கையிலே வட்டம் போட்ட பழைய வரைபடம், முகத்திலே கடுகடுப்பு.

"வட்டம் எங்கம்மா? தாள்ல நான் பாத்தது ஒண்ணு, இங்க இருக்கிறது ஒண்ணு. விளையாடுறீங்களா? இதுக்கு வண்டி நிறுத்தவே விட்டிருக்கலாம்!"

மறுமொழிக்குக் காத்திராமல் அவர் கயிற்றைத் தாண்டி விடுவிடுவென்று நடந்தார்.

"ஐயா, அடுப்பு! அடுப்பு!" என்று அலறினாள் தையற்காரி.

தலைவர், சுட்டுக்கொண்டவர்போல் ஒருகாலைத் தூக்கிப் பின்னே துள்ளி, தமையனின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். பின்பு குனிந்து பார்த்தார். அங்கே மண்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, தீவுக்குடிகளும் பதறிப்போய்த்தான் நின்றிருந்தார்கள். தூக்கிய காலை எங்கே ஊன்றுவதென்று அறியாமல் அவர் நெடுநேரம் தவித்தார். சினம் எங்கோ போயிற்று. மெல்லக் கயிற்றுக்கு வெளியே வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாசல் எந்தப் பக்கம்மா?"

பிறர் வாழ்ந்த மண்ணிலே புதியதொன்றை எழுப்பப் புகுவோர் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி அதுவே, அன்பரே. தலைவரும் பிந்தித்தான் கேட்டார், நம் நங்கையும் பிந்தித்தான் கேட்டாள், ஆயினும் கேட்டார்கள்.

தையற்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே ஓடி, ஒரு தலைமுறைக்குப் பின் தன் வீடு தேடிவந்த முதல் விருந்தினரை, "உள்ள வாங்க" என்று அழைத்தாள்.