தெக்லா பள்ளியின் மகிழ்ச்சி அறை

பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே, ரோட்டைவிடப் பள்ளத்தில் இருந்தது புனித தெக்லா நடுநிலைப் பள்ளி. கட்டும்போது பள்ளமில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டதில் ரோடு வளர்ந்தது, பள்ளி வளரவில்லை. ஐப்பசி பிறந்தால் மழைத் தண்ணீர் கேட் வழியாக மரியாதையாக உள்ளே வந்து, கீழ்த்தள வகுப்புகளில் உட்கார்ந்துகொள்ளும். சீருடை கேட்டதில்லை, சத்துணவு கேட்டதில்லை. அந்த வகையில் நல்ல மாணவன்.

தலைமையாசிரியை அமலராணி கேட்டதெல்லாம் ஒரு வடிகால்தான். வார்டு கவுன்சிலர் சுந்தர்சிங்கிடம் போனார்.

“உங்களுது எய்டட் ஸ்கூல் டீச்சர். வார்டு ஃபண்டை வெச்சு ஸ்கூலுக்குள்ள கை வைக்க முடியாது. தெருவுல வேணா வடிகால் போடலாம், எஸ்டிமேட் மேல போயிருக்கு. உள்ளே உங்க மேனேஜ்மென்ட்தான்.”

மேனேஜ்மென்ட் என்பது தாளாளர் ஃபாதர். அவர், “அரசாங்கத்தைக் கேளும்மா, நானும் ஜெபத்துல வைக்கிறேன்” என்றார்.

அரசாங்கமும் ஆண்டவரும் மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் புன்னகை ஃபவுண்டேஷனிலிருந்து மாளவிகா வந்தாள். ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, குரலில் கனிவு.

“உங்க ஸ்கூலுக்கு என்ன தேவை மேம்? மனசு விட்டு சொல்லுங்க.”

“வடிகால்.”

“அது எங்க தீம்ல வராது மேம். இந்த வருஷம் எங்க தீம் ஹேப்பினஸ்.”

“கால் நனையாம இருந்தா பசங்க ஹேப்பியாத்தாம்மா இருப்பாங்க.”

மாளவிகா சிரித்தாள். இந்த மாதிரி பதில்களுக்குச் சிரிப்பதும் அவள் வேலையில் ஒரு பகுதி. “நீங்க வேணாம்னா கூடுவாஞ்சேரியில ஒரு ஸ்கூல் ரெடியா இருக்கு மேம்” என்றாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டின் தனியார் பள்ளிகள் வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டிருந்தன. பெயிண்ட் அடித்த சுவர் ஒன்றாவது இருந்தால் சேர்க்கை கூடுமே என்று அமலராணி தலையாட்டினார்.

மாடியிலிருந்த ஒரே வகுப்பறை, அதாவது மழையில் நனையாத ஒரே வகுப்பறை, மகிழ்ச்சி அறை ஆனது. மஞ்சள் சுவர், தரை முழுக்கக் கம்பளம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத பீன் பேக், ஏசி. மாடியிலிருந்த நான்காம் வகுப்பு கீழே இறங்கி ஐந்தாம் வகுப்போடு கலந்தது.

“ரெண்டு கிளாஸையும் ஒரே ரூம்ல அடைச்சா நான் எங்க டீச்சர் நிக்கிறது?” என்று கேட்டாள் வகுப்பு ஆசிரியை ஷீலா.

“வாசல்ல நில்லு. மகிழ்ச்சியா நில்லு.”

பிள்ளைகளின் மகிழ்ச்சியை முதலில் அளந்தார்கள். பொம்மை முகங்கள் அச்சடித்த தாளில் அத்தனை பேரும் சிரிக்கிற முகத்துக்கே டிக் அடித்தார்கள். மாளவிகாவின் முகம் வாடிவிட்டது.

“ஆரம்பத்துலயே இவ்ளோ ஹேப்பியா இருந்தா இம்பேக்டை எப்படி மேம் காட்டுறது?”

கணக்குப் பரீட்சையன்று மறுபடி அளந்தார்கள். திருப்திகரமான அழுமூஞ்சிகள் கிடைத்தன.

அடுத்து சுந்தர்சிங் விழித்துக்கொண்டார். உள்ளூர் நிர்வாகம் பாதிப் பணம் போட்டால் மீதிப் பாதியை ஃபவுண்டேஷன் போட்டு, வார்டிலுள்ள எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் மகிழ்ச்சி அறை தரும் என்றார்கள். வார்டு கூட்டத்தில் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. விளையாட்டு வகுப்பை எடுத்துவிட்டு வாரம் ஒரு மகிழ்ச்சி வகுப்பு வைக்கப் பரிந்துரையும் போனது. அந்தப் பாதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று அமலராணி விசாரித்தார். தெரு வடிகாலுக்கு ஒதுக்கியிருந்ததாம்.

“ஒண்ணு போட்டா ரெண்டாகுது டீச்சர். சாக்கடைக்கு எவன் பாதி குடுப்பான்?” என்றார் சுந்தர்சிங்.

கார்த்திகையில் ஒரு முற்பகல், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே வானம் கொட்டித் தீர்த்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்ற பிள்ளைகளின் பாதத்தைத் தண்ணீர் தொடப் பார்த்தது. அமலராணி மாடிக்கு ஓடினார். மகிழ்ச்சி அறையில் பூட்டு. வெளிநாட்டு விருந்தினர் வரவிருந்ததால் கம்பளத்தைச் சுத்தம் செய்து, சாவியை ஓ.எம்.ஆருக்கு எடுத்துப்போயிருந்தார்கள்.

மாளவிகாவுக்குப் போன் போட்டார்.

“மீட்டிங்ல இருக்கேன் மேம். சாவி அனுப்ப ஈவினிங் ஆகும். அப்புறம், ஈரக் காலோட யாரும்...”

அமலராணி போனை வைத்துவிட்டு, சத்துணவுச் சமையல்காரி தனக்கோடியைக் கூப்பிட்டார். தனக்கோடி அம்மிக் குழவியோடு வந்தாள்.

“இன்னா டீச்சர், ஒடச்சிரவா? அப்பால என்னிய சொல்லப்போறாங்கோ.”

“நான் சொன்னேன்னு சொல்லு. உடை.”

இரண்டாவது அடியில் பூட்டு விழுந்தது. பிள்ளைகள் சேற்றுக் காலோடு கம்பளத்தில் ஓடிப் பீன் பேக்குகளில் குதித்தார்கள். சாம்பார் சாதமும் அங்கேயே பரிமாறப்பட்டது. அமலராணி கதவோரம் சாய்ந்து நின்றார். வேலை போனாலும் போகும். ஆனாலும், கல்லூரி நாளில் விடுதிச் சுவர் ஏறிக் குதித்தபோது வந்த அதே குஷி உடம்பில் ஏறியிருந்தது. அவரும் ஒரு தட்டில் சாதம் வாங்கிக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் மாளவிகா வந்து, மஞ்சள் சுவரில் சேற்றுக் கைகளைப் பார்த்தாள். அமலராணி ராஜினாமாவுக்கே தயாராக நின்றார். மாளவிகா போட்டோ எடுக்க ஆரம்பித்தாள்.

“சூப்பர் மேம்! அடுத்த வருஷ தீம் பேரிடர் தாங்கும் திறன். நீங்க முன்னாடியே பண்ணிட்டீங்க!”

நட்சத்திர ஹோட்டலில் விழா எடுத்தார்கள். அமலராணிக்குக் கண்ணாடியில் விருது. பேசச் சொன்னதும் மைக்கைப் பிடித்து, “எங்க பிள்ளைங்களுக்கு வடிகால் வேணும். அது ஒண்ணுதான் வேணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விருந்தினருக்காக மாளவிகா அதை ஆங்கிலத்தில் பெயர்த்தாள்: பிள்ளைகளின் மன அழுத்தத்துக்கு ஒரு வடிகால் தேவை என்கிறார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மனவெழுச்சி வடிகால் திட்டம் என்று மேடையிலேயே அறிவிப்பு வந்தது.

அமலராணி அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான்காம் வகுப்பை மாடிக்கே ஏற்றிவிட்டார். சனிக்கிழமை பெற்றோரைக் கூட்டி, பின்புற மதிலின் அடியை உடைத்து, ஃபாதரின் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான காலி மனை வழியாக ஏரியின் உபரிநீர் கால்வாய் வரை பள்ளம் வெட்டச் சொன்னார். ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

செய்தி கேட்டு, போட்டோகிராபரோடு சுந்தர்சிங்கும் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு மண்வெட்டியை வாங்கிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“புட்ச்சுகினு நின்னா வேல ஆவுமாண்ணா? இந்தப் பக்கம் கெட்டியா கீது, வெட்டு” என்றாள் தனக்கோடி.

பெற்றோர் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் சுந்தர்சிங் வெட்டினார். அடுத்த மழைக்கு வகுப்பறைத் தண்ணீர் மதிலோரம் சுழன்று, கொஞ்சம் தயங்கி, பிறகு கால்வாயைப் பார்த்து ஓடியது.