யாஸீன் ஓதுகிற பிள்ளைக்கு டெப் எதற்கு

என் கணவரின் மூத்த சகோதரர் செய்னுலாப்தீனைக் கரைத்தீவில் எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். என் கணவர் றிஸ்மின் களப்பில் மூழ்கி மௌத்தான பிறகு எங்கள் வீட்டையும் அவரே ஆளத் தொடங்கினார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்.

கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருந்தேன். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் அறைக்குள். கணவரின் சகோதரரும் அந்நியர்தான். அதனால் அறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம், என் வீட்டில், என் கதிரையில் சாய்ந்துகொண்டு அந்த அந்நியர் என் மகளைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று பள்ளிக்கூடத்து அதிபரும் அகீலா டீச்சரும் வந்திருந்தார்கள். என் மகள் நஸ்ஹாவுக்குப் பத்து வயது. கெட்டிக்காரி. ஆனால் எழுத்து பிடிபடாது. மேல்வரியில் எழுத்துக்கூட்டி வாசித்த சொல்லைக் கீழ்வரியில் புதிதாகப் பார்ப்பாள். அது சோம்பலல்ல, டிஸ்லெக்ஸியா என்று றிஸ்மின் இருக்கும்போதே டொக்டரிடம் காட்டித் தெரிந்துகொண்டோம். இப்போது கொழும்பிலுள்ள ஓர் அமைப்பு அவளுக்கென்று டெப் என்கிற கையடக்கக் கணினி ஒன்றை அனுப்பியிருந்தது. பாடப்புத்தகத்தின் மேல் பிடித்தால் பக்கத்தைப் படமெடுத்து, ஒவ்வொரு சொல்லாக நிறம் காட்டி, சத்தமாக வாசிக்கும். டீச்சர் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வீட்டுப் பொறுப்பாளர் சம்மதிக்காவிட்டால் மறுநாள் திரும்பிப் போய்விடும்.

பொறுப்பாளர் யார் என்பதில் அதிபருக்குச் சந்தேகமே இல்லை. திரைக்குப் பின்னால் பெற்றவள் இருப்பது அவருக்கு அலுமாரி இருப்பது போல.

“எங்கட குடும்பத்தில மூளை கொறஞ்ச ஆக்கள் இல்ல, டீச்சர்,” என்றார் ஹாஜியார்.

“மூளை குறையல்ல ஹாஜியார், எழுத்து மட்டும்தான்...”

“றிஸ்மினுக்கு நாப்பது ஓதக்குள்ள யாஸீன் ஓதினது ஆரு? இவதான். சபையே அழுதிச்சி. யாஸீனையே ஓதுற புள்ளைக்குத் தமிழ் புஸ்தகம் வாசிக்க மெஷினா?”

அதிபர் சிரித்தார். ஹாஜியார் சிரிப்பதற்குக் கொஞ்சம் முந்தியே சிரித்துவிடுவது அவர் வழக்கம்.

நாற்பதாம் நாள் நடந்தது எனக்குத் தெரியும். நஸ்ஹா குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் உள்ள கிதாபை விரித்து வைத்திருந்தாள். விரல் ஓரிடத்திலும் ஓதல் வேறிடத்திலும் போயின. பக்கத்திலிருந்தவர்கள் தாள் புரட்டும்போது அவளும் புரட்டினாள். கண்ணை மூடித் தலையாட்டிய பெரிய மனிதர்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளை யாரும் மக்கு என்று சொல்லாதது அந்த ஓதல் ஒன்றில்தான். இப்போது அதைச் சொன்னால் டெப் கிடைக்கும். அவளுடைய ஒரே பெருமை போய்விடும்.

“நஸ்ஹா, கிதாப எடுத்து வா. டீச்சருக்கு ஓதிக் காட்டு,” என்றார் ஹாஜியார்.

திரையின் இடுக்கால் பார்த்தேன். கிதாபை விரித்தாள், ஓதத் தொடங்கினாள். சில ஆயத்துகள் போனதும் கிதாபை மூடிப் பெரிய வாப்பாவான ஹாஜியாரின் மடியில் வைத்தாள். ஓதலை நிறுத்தவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபடியே ஓதினாள்.

“நான் பாத்து ஓதல்ல பெரிய வாப்பா,” என்றாள் பிறகு. “அண்டைக்கும் பாக்கல்ல. எனக்கு வாசிக்க ஏலா. வாப்பாட ஃபோன்ல கேட்டுத்தான் பாடமாக்கின.”

வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவருக்கு முகம் மலர்ந்தது.

“சுப்ஹானல்லாஹ்! கேட்டே பாடமாக்கிட்டா! முழுக் குர்ஆனையும் பாடமாக்க வெச்சி ஹாபிழா ஆக்குவம். மத்ரசாவுல போடுவம். பொறகு இந்தப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு, சேர்?”

“நல்ல யோசனை ஹாஜியார்,” என்றார் பள்ளிக்கூடத்தின் அதிபர்.

“எனக்கு கதைப் புஸ்தகமும் வாசிக்கணும்,” என்றாள் நஸ்ஹா. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை தன்னிடமிருந்த அந்த ஒரு பெருமையையும் எடுத்து அவர்கள் முன் வைத்துவிட்டாள். அதையும் அவர்கள் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

“டீச்சர்,” என்றேன். “அந்த டெப்ப இந்தப் பக்கம் தாங்க.”

“கமறியா! ஆம்புளையள் கதைக்கிற எடத்தில...”

“பெத்தது நான் மச்சான். பொறுப்பாளரும் நான்தான். எனக்குச் சம்மதம். அதிபருக்குக் கேட்டிச்சா, இல்லாட்டி இன்னொருக்காச் சொல்லணுமா?”

திரையின் ஓரத்தால் முழங்கை வரை கையை நீட்டினேன்.

“கை! கைய உள்ளுக்கு எடு புள்ள! இத்தாவில இரிக்கிற பொம்புள!”

பிள்ளைக்கு வாசிக்க முடியாது என்று கேட்டபோது பதறாத மனிதர் அதற்குப் பதறினார். கதிரையோடு திரும்பிச் சுவரைப் பார்த்தார். அதிபரும் எழுந்து அதே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அகீலா டீச்சர் டெப்பை என் கையில் வைத்தார். நஸ்ஹா சேலைக்குக் கீழால் குனிந்து என்னிடம் வந்து, தன் பாடப்புத்தகத்தை விரித்தாள்.

“திரும்பலாமா?” என்று அதிபர் சுவரிடம் கேட்டார்.

உள்ளே டெப் முதல் வரியை வாசிக்கத் தொடங்கியிருந்தது. நஸ்ஹாவின் விரல் நிறம் மாறும் சொல்லோடு சேர்ந்து போனது.