கொடியில் தொங்கிய நாலு வருஷம்

வானம் கருத்தால் அந்தக் கரும்பு ஊரில் யாரும் யோசிப்பதில்லை, ஓடிப்போய்த் துணியை எடுப்பார்கள். எலியோவும் அதைத்தான் செய்தான். புல்வெளி நடுவே குடைபோல் விரிந்து நின்ற சுழல்கொடியிலிருந்து காலுறைகளை உருவிக் கூடையில் போட்டான். கிளிப்புகளைப் பையில் கொட்டினான். பெரிய உபகாரம் செய்த முகத்தோடு சமையலறைக்குள் வந்தான்.

அவன் மனைவி லியான் கூடையைப் பார்த்ததும் அலறினாள்.

"அடப்பாவி! அது துவைச்ச துணி இல்லடா, என் படிப்பு!"

சாலை வேலை நடக்கும் இடங்களில் 'நில்' பலகை பிடிப்பவள் லியான். வெள்ளத்துக்கு வெள்ளம் முங்கும் ஆற்றுப்பாலத்தருகே நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பி அலுத்துப்போனவள், "இனிமே தடுக்க மாட்டேன், கட்டப்போறேன்" என்று சிவில் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. ஆனால் நாலு வருஷத்துக்கு மேல் போனால் வீடு தாங்காது. அதற்குள் அடங்கினால் சேருவாள், இல்லையென்றால் விட்டுவிடுவாள். பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள்.

கொடிக்கு நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு வருஷம். காலுறைக்கு ஒரு பாடம், பெயர் கிளிப்பின் மேல். எப்படி மாட்டினாலும் சில காலுறைகள் மிஞ்சிக்கொண்டே இருந்தன.

"திட்டு, வாங்கிக்கறேன்" என்றான் எலியோ.

"திட்டினா ஆச்சா? கிளிப்பை எடுத்துக் குடு."

உயரத் தூண்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில், தூணுக்குத் தூண், வருஷத்துக்கு ஒன்றாக நாலு கயிறு கட்டினாள். மழை கொட்டியது. இந்த முறை கடைசியிலிருந்து தொடங்கினாள். முதலில் பாலம். பாலத்துக்கு முன்னால் கான்கிரீட், அதற்கு முன்னால் மண்ணியல், அதற்கும் முன்னால் கணக்கு.

"பிடிச்சதையெல்லாம் முன்னாடி மாட்டினேன் பாரு, அதான் இடிச்சுது" என்று முணுமுணுத்தாள். எதற்கு எது வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவளையா இத்தனை வருஷம் வெயிலில் பலகையோடு நிற்க வைத்தார்கள் என்று எலியோ நினைத்துக்கொண்டான்.

மகள் பியாவின் ரோஜா நிறக் காலுறை ஒன்றுதான் மிச்சம்.

"வேலைப் பயிற்சி" என்றாள் லியான். குரல் இறங்கிவிட்டது. "கோடை லீவு முழுக்க டவுன்ஸ்வில் நகரத்துல தங்கணும். பியாவை யாரு பாக்கறது? விட்டுடலாம், எலியோ."

கோடையில் கரும்பாலை அரவை முடிந்து மூடியதும் எலியோ மீன் பிடிக்கப் படகோடு காணாமல் போய்விடுவான். அந்த மீன்பிடியில் கைவைக்க இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவன் அந்தக் காலுறையை வாங்கி மூன்றாம் வருஷக் கோடையில் மாட்டினான்.

"நான் பாத்துக்கறேன்."

"உன் மீனு?"

"அப்ப பாராமுண்டி மீனுக்குத் தடைக்காலம்."

"மத்த மீனுக்குத் தடை இல்லையே?"

"அதெல்லாம் ஒரு மீனா?" என்றான் எலியோ, வேறெங்கோ பார்த்தபடி.

லியான் பையிலிருந்து இன்னொரு கிளிப்பை எடுத்து அந்தக் காலுறையில் சேர்த்து மாட்டினாள்.