சான்று மூன்று: ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ்

பூவிழியின் பேட்டரிக்குப் பேட்டன்ட் ஏன் கொடுக்க முடியாது என்பதற்கு அரசாங்கம் மூன்று சான்றுகளைக் காட்டியது. முதலாவது, ஒரு ஜப்பானியக் கம்பெனியின் விண்ணப்பம். இரண்டாவது, ஒரு கொரியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டுரை. மூன்றாவது, நன்னிலம் கடைத்தெருவில் கட்டியிருந்த காதுகுத்து ஃப்ளெக்ஸ்.

பேட்டன்ட் ஆபீஸின் பரிசோதனை அறிக்கையில் ஃப்ளெக்ஸுக்கும் முறைப்படி ஆசிரியர் பெயர் போட்டிருந்தார்கள். ‘சிங்காரவேலு மற்றும் உற்றார் உறவினர்.’ ஜப்பான்காரர்களுக்குக் கீழே அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பூவிழிக்கு அப்படி இல்லை. ஓசூரிலிருந்து போன் செய்தாள்.

“செழியா, மாமா நம்மள முந்திக்கிட்டாருடா.”

நானும் பூவிழியும் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஓர் என்ஜினியரிங் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்லூரிக்குப் பின்னால் ஒரு ரைஸ்மில். மதியம் நெல் அவிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்து, பாடம் நடத்துகிறவரையே கொட்டாவி விட வைக்கும். அந்த மில் உமியிலிருந்து லித்தியம் பேட்டரி செய்வதுதான் எங்கள் கடைசி வருஷ ப்ராஜெக்ட். உமியில் சிலிக்கான் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து பேட்டரிக்குள் வைத்தால் நிறைய சார்ஜ் பிடிக்கும். ஆனால் சார்ஜ் ஏற ஏற வீங்கி, இறங்க இறங்கச் சுருங்கி, கடைசியில் நொறுங்கிவிடும். உமியை எரிப்பதற்கு முன்னால் ஆசிட்டில் ஊறப் போட்டு அதில் இருக்கும் உப்பையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். அப்படியும் நொறுங்கியது.

பொங்கல் லீவுக்கு லேப் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆசிட் இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் புளித்துப்போன வடிகஞ்சி ஒரு வாளி இருந்தது. “இதுவும் புளிப்புதானே” என்று பூவிழி உமியை அதில் ஊறப் போட்டாள். மற்ற பேட்டரிகள் எல்லாம் சிவராத்திரிக்குள் செத்தன. கஞ்சி பேட்டரி மட்டும் செமஸ்டர் பரீட்சை தாண்டியும் உயிரோடு இருந்தது. எங்கள் வகுப்பில் பல பேரால் முடியாத காரியம் அது.

கண்டுபிடிப்பாளர்கள் வரிசையில் இரண்டாவது பெயர் என்னுடையது. மெஸ்ஸிலிருந்து வாளியைத் தூக்கி வந்தது நான்தான்.

இப்போது நான் சென்னையில் ஒரு மிக்ஸி கம்பெனிக்கு உபயோகக் குறிப்புகள் எழுதுகிறேன். ‘ஜாரில் கை விடக் கூடாது’ என்பது என்னுடைய வரி. எங்கேயாவது புளித்த கஞ்சி வாசனை அடித்தால் எனக்கு அந்த லேப்தான் ஞாபகம் வரும். பொத்தான் அளவு பேட்டரியை மீட்டரில் மாட்டிவிட்டு, ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். இறங்கவில்லை என்றால் பூவிழி தன் கடலையைத் தின்று முடிப்பாள். என் பங்குக் கடலையையும் எடுத்துக்கொள்வாள். அந்த வருஷம் முழுக்க வேறு எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் அவள் ஓசூருக்குப் போனாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த பேட்டரிகளுக்குப் பாஸ், ஃபெயில் போடுகிற வேலை. அவளுடைய ஊரான நன்னிலத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஜெகபர் அலி பாய், பேட்டன்ட் வந்தால் மில்லுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையையும் உமியையும் கொடுத்துக் கூட்டு சேர்வதாகச் சொல்லியிருந்தார். வராவிட்டால் ஓசூர்தான். அவள் ஊருக்குத் திரும்புவதற்கு அது ஒன்றுதான் வழி.

இனி அந்த ஃப்ளெக்ஸ். சிங்காரவேலு, பூவிழி அம்மாவின் அண்ணன். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். நாங்கள் படித்து முடிக்கிற சமயம், அவருடைய இன்னொரு தங்கச்சி மகன் இனியவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ஃப்ளெக்ஸ் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தக் காதிலும் ஊசி இறங்காது. கூலிங்கிளாஸ் போட்ட இனியவன் பாதி, பட்டம் வாங்கப்போகும் பூவிழி பாதி என்று மாமா பிரித்துக்கொண்டார். வீட்டுச் சுவரில் பூவிழி ஒட்டி வைத்திருந்த ப்ராஜெக்ட் சார்ட்டைச் செல்போனில் படம் எடுத்து அதையும் கீழே போட்டுவிட்டார். உமி கஞ்சியில் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எவ்வளவு சூடு காட்ட வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. விருந்துக்கு வந்த யாரும் வீட்டுக்குப் போய்ப் பேட்டரி செய்து பார்த்திருக்கலாம்.

விசேஷத்தன்றுதான் நாங்கள் அதைப் பார்த்தோம். பூவிழி அதற்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டாள். யாரோ அதை ஃபேஸ்புக்கில் போட்டார்கள். எங்கள் ப்ராஜெக்ட் சார் பதறிப்போய் அந்த வாரமே விண்ணப்பத்தைப் போட வைத்தார். அதற்குள் ஃப்ளெக்ஸ் முந்திவிட்டது. ஊருக்குத் தெரிந்துவிட்ட விஷயத்துக்குப் பேட்டன்ட் கிடையாது என்பது சட்டம். ஜப்பான்காரர்களுக்கும் கொரியாக்காரர்களுக்கும் கஞ்சி தெரியாது. எங்கள் பேட்டரியில் புதுசு என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அது கடைத்தெருவில் தொங்கியது.

பேட்டன்ட் ஏஜென்ட் ஷோபனா மேடம் ஒரு வழி சொன்னார். “உங்க சம்மதம் இல்லாம வேற யாராவது வெளியிட்டு, தெரிஞ்ச உடனே நீங்க விண்ணப்பம் போட்டிருந்தா, அந்தச் சான்று செல்லாது. சம்மதம் வாங்காம நான்தான் போட்டேன்னு மாமா ஒரு அபிடவிட்ல கையெழுத்துப் போட்டாப் போதும்.”

அபிடவிட்டை எடுத்துக்கொண்டு நானும் பூவிழியும் மாமா வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இது என்ன தம்பி, ‘உரிய அனுமதியின்றி’?”

“சட்ட வார்த்தை மாமா. சும்மா.”

“சும்மான்னா நீ போடு கையெழுத்து. என் தங்கச்சி வீட்டு விசேஷத்துல ஃப்ளெக்ஸ் வைக்க எனக்கு அனுமதி இல்லன்னு நானே எழுதித் தரணுமா? நாளைக்கு இனியவன் கல்யாணத்துல என்னைய எந்த வரிசையில உக்கார வைப்பாங்க?”

“சரி, எல்லாம் போட்டீங்க. கஞ்சிய எதுக்கு மாமா போட்டீங்க?” என்றாள் பூவிழி.

“வெறுமனே விஞ்ஞானின்னு போட்டா எவன் நம்புவான்? நம்ம வீட்டுப் புள்ள என்னத்தக் கண்டுபுடிச்சிருக்கும்னு கேப்பான். படிச்சுட்டு வாய மூடட்டும்னு முழுசாப் போட்டேன்.”

பூவிழி பேப்பரை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்ததும் நான், இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்றேன்.

“வேணாம்டா. மாமாவ அத்து மீறுனவருன்னு எழுதி வாங்கித்தான் எனக்கு அது கிடைக்கணும்னா, கிடைக்காமலே போகட்டும்.”

“அப்ப ஓசூரா?”

“ஓசூர்ல என்ன, குளுகுளுன்னு இருக்கு” என்றாள்.

பேட்டன்ட் ஆபீஸ் விசாரணை வீடியோவில். நெட் ஒழுங்காகக் கிடைக்குமே என்று ஜெகபர் அலி பாய் தன் மில் ஆபீசைத் திறந்துவிட்டிருந்தார். பக்கத்துக் களத்தில் அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு எனக்கு ஒரு நிமிஷம், ஸ்டூலைத் தேடி உட்காரலாம் போல இருந்தது. லேப்டாப்பில் ஒரு கட்டத்தில் தீர்ப்புச் சொல்லப்போகும் கன்ட்ரோலர் அம்மா, இன்னொன்றில் ஷோபனா மேடம்.

கன்ட்ரோலர் அம்மா ஃப்ளெக்ஸ் போட்டோவைத் திரையில் காட்டினார். “மிஸ் பூவிழி, இதுக்குக் கீழ நிக்கிறது நீங்கதானே? சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க சம்மதம் இல்லாம வெச்சதுன்னு நான் எப்படி எடுத்துக்கறது? அபிடவிட்டும் இல்ல.”

பூவிழி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. சலவைச் சட்டையில் மாமா. யாரும் கூப்பிடவில்லை. ஷோபனா மேடம் சுதாரித்துக்கொண்டு, “அந்த ஃப்ளெக்ஸை வெச்சவர் இவர்தாங்க மேடம்” என்றார். பூவிழி என் கையைக் கிள்ளினாள். தன் மேல் தப்பில்லை என்று காட்ட, பூவிழிக்குத் தெரிந்துதான் வைத்தேன் என்று சொல்லிவிடுவாரோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

மாமா லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டார். “அம்மா, நான் திருட்டுத்தனமா ஒண்ணும் பண்ணல. கடைத்தெருவுல, எல்லாரும் பாக்க, என் காசுல வெச்சேன்.”

“வைக்கிறதுக்கு முன்னாடி பூவிழிகிட்ட கேட்டீங்களா?”

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இவகிட்டயா? எதுக்குங்க?”

“அவங்க கண்டுபிடிப்பாச்சே.”

“இவ பொறந்தப்ப மொதச் சட்டை நான்தான் எடுத்தேன். காது குத்தறப்ப என் மடியிலதான் உக்கார வெச்சோம். கத்துனா. அப்பவே கேக்கல. தாய்மாமன் போயி மருமவகிட்ட அனுமதி கேட்டான்னா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?”

“அப்ப, கேக்கல.”

“கேக்கல. இனிமேயும் கேக்க மாட்டேன்.”

ஷோபனா மேடம் இருமினார். “இதைப் பதிவு பண்ணிக்கணும்னு கேட்டுக்கறேன் மேடம்.”

“பதிவாகுது.” கன்ட்ரோலர் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். “ஐயா, இப்ப சொன்னதை அப்படியே எழுத்துல தருவீங்களா?”

“தாராளமா. தம்பி, எழுதுப்பா.”

எழுதினேன். ‘தாய்மாமன் என்ற முறையில், பூவிழியிடமோ வேறு எவரிடமோ கேட்காமல், கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல், என் சொந்தப் பொறுப்பில் நானே வைத்தேன்.’ மிக்ஸியை விட்டு வெளியே நான் எழுதிய உருப்படியான வாக்கியம் அது. மாமா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். “இப்படி எழுதியிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேனே.”

ஆணை பிறகு வரும் என்று சொல்லித் திரை அணைந்தது. பாய் டீ சொன்னார். மாமா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். விசாரணையில் கேட்டதெல்லாம் அப்போதுதான் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

“ஏன் பாப்பா, நான் அத வெச்சதாலயா இது கிடைக்காம நிக்குது?”

“அதெல்லாம் இல்ல மாமா. அவங்க பரிசோதனைக்கு எடுக்கவே வருஷக்கணக்கா ஆச்சு.”

“தம்பி, நெசமா?”

“பாதி நெசம் மாமா” என்றேன்.

அவர் களத்தைப் பார்த்தார். பிறகு பூவிழிதான் பேசினாள்.

“அந்தக் கடைத்தெருவுல நம்ம தெரு ஆளு போட்டோ மொதமொதல்ல ஏறினது அன்னிக்குதான் மாமா. அம்மா சமையல பாதியில விட்டுட்டு, உப்பு வாங்கணும்னு போயிப் பாத்துட்டு வந்துச்சு. அப்புறம் தீப்பெட்டி வாங்கப் போச்சு. வீட்டுல தீப்பெட்டி இருந்துச்சு. அந்தம்மா சொன்னாங்கல்ல, நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்னு. இத எப்படி அவங்ககிட்ட சொல்றதுன்னு தெரியல.”

மாமா டீயை ஒரே மூச்சில் குடித்தார். ஆறிப்போயிருக்கும்.

குறுவை அறுப்பு சமயத்தில் ஆணை வந்தது. மூன்றாவது சான்று விண்ணப்பதாரரின் சம்மதமின்றி வெளியிடப்பட்டது, கணக்கில் கொள்ளத்தக்கதல்ல, பேட்டன்ட் வழங்கப்படுகிறது. பூவிழி எனக்குப் போன் செய்தாள். தொழிற்சாலை இரைச்சல்தான் கேட்டது. ‘முள் இறங்கலயா?’ என்று கேட்டேன். ‘இறங்கல’ என்றாள்.

மாமாவுக்கு நாங்கள் போட்ட போன் எதுவும் கேட்கவில்லை. மெஷின் மேல் இருந்தார். பாய்தான் பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், வரப்பில் நின்று கையை ஆட்டி, பூவிழி ஊருக்கு வருகிறாள் என்று கத்தியிருக்கிறார். மாமா மெஷினை அங்கேயே அணைத்துவிட்டாராம். வானம் வேறு கருத்துக்கொண்டு வந்ததால் நிலத்துக்காரர் ஓடிவந்து, ஏன் நிறுத்தினாய் என்று சத்தம் போட்டிருக்கிறார். மாமா இறங்கவில்லை. பாதி அறுத்த வயலின் நடுவில், உயரத்தில், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.