ஆளுக்கொரு கை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை, கிளீசன் ஊரில் ஸ்ப்ராட்லின் குடும்பத்தார் தங்கள் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பித்தளை மேசை விளக்கை நெஞ்சோடு அணைத்தபடி படுக்கையறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரே சட்டையை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

வடக்கு டெக்சஸில் இந்த மாதிரி விற்பனைகளுக்கு எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. பொருள் உன் கையில் இருக்கும்வரை உன்னுடையது. யாரும் கேட்கக்கூடக் கூடாது. கையை எடுத்தால் ஊருடையது. இத்தனை வருடம் இங்கே இருந்ததில் நான் பார்த்தவரை, வரி கட்டாதவர்கள்கூட இந்தச் சட்டத்தை மீறியதில்லை.

நான் ஏன் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "விடியலின் பொன்னிறக் கதிர்கள் அந்தச் சட்டையின் மீது—" (இல்லை. அறையில் திரை போட்டிருந்தது.)

இரண்டாம் முயற்சி: "முன்பின் தெரியாத ஒருவர் உடுத்திக் களைந்ததை, இன்னொருவர் ஏன் இவ்வளவு ஆசையோடு—" (கட்டுரை வாசனை. ஆனால் நல்ல கேள்வி. பின்னால் எங்காவது நுழைத்துக்கொள்கிறேன்.)

மூன்றாவது: "வெல்டா ஓடினாள்."

இது போதும்.

3

வெல்டா ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், குதிகால் உயர்ந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, அடுத்தவர் வீட்டு நடையில் ஓடுவது பார்க்க நன்றாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதைவிட நன்றாகத் தெரிந்தது, ஆரின் டீக் சமையலறை வழியாகச் சுற்றி வருகிறான் என்பது.

விற்பனைக்கான விளம்பரப் படத்தில் சட்டையே இல்லை. திறந்த அலமாரி ஒன்றில் கவுன்கள் நெருக்கியடித்துத் தொங்கின. அவற்றுக்கு நடுவே ஒரு கைப்பட்டி மட்டும் எட்டிப் பார்த்தது. அதில் வைர வடிவில் வரிசையாக முத்துப் பட்டன்கள், அமுக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்பவை. ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அது ஒரு துணி. இரண்டே பேருக்கு அது அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய கௌபாய் பாணிச் சட்டை, யாரோ ஒருவரின் உடம்புக்கென்றே அளவெடுத்துத் தைத்தது.

அன்று இருட்டு விலகுவதற்கு முன்பே இரண்டு பேரும் மடக்கு நாற்காலியோடு வாசலில் ஆஜர்.

"என்ன ஆரின், சட்டி பானை வாங்க வந்தியா?"

"வாணலி ஒண்ணு பார்க்கலாம்னு. நீ?"

"திரைச்சீலை."

"ஓ. உன் வீட்டுல ஜன்னல்கூட இருக்கா?"

கதவு திறந்ததும் வாணலியும் திரைச்சீலையும் ஒரே அறைக்குள் பாய்ந்தன. வெல்டாவின் விரல்கள் சட்டையின் இடது கையைப் பற்றிய அதே கணத்தில், அலமாரியின் அந்தப் பக்கத்திலிருந்து ஆரினின் விரல்கள் அதன் வலது கையைப் பற்றின. இருவரும் ஒன்றாகவே சட்டையை வெளியே எடுத்தார்கள்.

எடுத்ததை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

கறுப்புக் காபர்டின் துணி. பைகளின் வாய் சிரிப்பதுபோல் வளைந்திருந்தது. அதன் இரு முனைகளிலும் அம்பு. முதுகில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் சிவப்புக் குதிரை, அதன் மேல் ஒருவன். அவன் சுழற்றி வீசிய கயிறு முதுகிலிருந்து புறப்பட்டு, தோளைச் சுற்றி, இடது கை நெடுக வளைந்து வளைந்து ஓடி மணிக்கட்டில் முடிந்தது. எல்லாம் சங்கிலித் தையல். ஓர் இடத்தில்கூட வெளுப்பில்லை, பூச்சி அரிப்பில்லை.

"அடப்பாவி..." என்றான் ஆரின். யாரையும் அல்ல.

வெல்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஒரு தடவை தரையில் எம்பிக் குதித்தாள், சட்டையை விடாமல்.

4

(கயிற்றின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்தபோது அது மஞ்சள். ஆனால் மனைவியை இழந்த ஒருவனும் தனியாக வாழும் ஒருத்தியும் நிற்கிற இடத்தில், தமிழில் 'மஞ்சள் கயிறு' என்று எழுதினால் போச்சு. நீங்கள் ஆறாம் பகுதியிலேயே பந்தல் போட்டுவிடுவீர்கள். எனவே கயிறு வெள்ளை. இந்தக் கதையில் நான் மாற்றியது அது ஒன்றைத்தான்.*)

* ஊர்ப் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

5

ஆரின் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனை வில்லனாக எழுதினேன். கேஸ் லாரி ஓட்டுபவன், நாற்பது சட்டைகளுக்கு மேல் வைத்திருப்பவன், ஒன்றைக்கூடப் போடாதவன். வெயில் படாத அறையில், காகிதம் சுற்றி, பெட்டியில் படுக்கவைத்திருப்பான். எழுத வசதியான ஆள்.

வெல்டா அதற்கு நேர் எதிர். தீவனக் கடைக் கல்லாவில் உட்காரும்போதுகூட ரோஜாப்பூ போட்ட சட்டைதான். அவளைப் பொறுத்தவரை சட்டை உடம்பில் இருந்தால்தான் உயிரோடு இருக்கிறது. அன்று அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கிளீசன் நடன அரங்கின் குழுவில் வருடக்கணக்காகப் பின்பாட்டு மட்டுமே பாடியவளுக்கு, அன்று மாலை முதல்முறையாக நடு மைக். அந்த மைக்குக்கு முன்னால் நின்று திரும்பி, தோளுக்குமேல் அந்தக் கயிறு சுழல்வதைக் கூட்டம் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் கைப்பட்டியைப் பார்த்த நாளிலிருந்தே அவள் மனதில் அந்தச் சட்டையோடுதான் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆக, நியாயம் வெல்டா பக்கம். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது ஆரின் வாயைத் திறந்தான்.

"போன தடவை அந்த நீலச் சட்டையை எங்கிட்டேயிருந்து பிடுங்கிட்டுப் போனியே, அது எங்கே இப்ப?"

வெல்டா சட்டைப் பையின் அம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லேன். மாட்டுக்கறி வறுவல் போட்டிக்குப் போட்டுட்டுப் போய் நெஞ்சு பூரா சாஸ். அப்புறம் வெந்நீர்ல முக்கியிருக்கே. ரேயானை! வெந்நீர்ல! இப்ப பொம்மைக்குப் போடலாம்."

"அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் சாப்பிடல, தெரியுமா உனக்கு?"

"சட்டையும்தான் மீளல."

"உன் சட்டையெல்லாம் மட்டும் என்ன, மூச்சு விடுதா? பெட்டியில போட்டு மூடி வச்சிருக்கியே, வருஷத்துக்கு ஒருவாட்டி மலர்வளையம் வைப்பியா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபோதும் கை விடவில்லை. எனக்கு வில்லன் கைநழுவிப் போனான்.

(வாக்களித்த கேள்வி: பிறர் களைந்ததை ஏன் இவ்வளவு ஆசையோடு? எனக்குத் தோன்றுவது இது: புதுச் சட்டை நம்மை அப்படியே விட்டுவிடுகிறது. பழைய சட்டைக்கு ஏற்கெனவே ஒரு நிமிர்வு இருக்கிறது, யாரோ பழக்கிய தோள் இருக்கிறது. அதற்குள் நுழைகிறவர் அந்த அளவுக்கு நிமிர்ந்தாக வேண்டும். இதை நிரூபிக்க என்னிடம்— சரி, விடுங்கள். வாசலில் ஆள் வந்துவிட்டது.)

6

விற்பனையை நடத்துகிற நடீன் ஹோலுப் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன கண்ணுங்களா, நடனமா?"

"என் கைதான் முதல்ல பட்டுது," என்றாள் வெல்டா.

"அலமாரிக் கதவைத் திறந்ததே நான்," என்றான் ஆரின்.

"இழுக்கலாமே?"

இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்: "இழுக்கிறதா!"

"அப்ப யாராவது விடுங்க. மதியம் கடையை மூடுவேன். அதுவரைக்கும் ரெண்டு கை இருந்தா ரெண்டு பேருக்குமே கிடையாது. நாளைக்கு வர்ற முதல் ஆளுக்குக் குடுத்துருவேன். நாளைக்குப் பாதி விலை வேற." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன கண்ணு, விளக்குக்குத் தாலாட்டுப் பாடுறியா?"

அவள் போனதும் வெல்டா ஒரு வேலை செய்தாள். பழைய துணி சேர்க்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வேலை, அவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தன் இடது கையைச் சட்டைக்கைக்குள் நுழைத்து, மணிக்கட்டில் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். டக், டக், டக்.

"பிடிச்சிருக்கிறதைவிடப் போட்டிருக்கிறது பெருசு. இப்ப என்ன சொல்றே?"

"கழட்டு."

"மாட்டேன்."

"வெல்டா, விளையாட்டில்ல, கழட்டு. உன் கடிகாரம்..."

அவள் கீழே பார்த்தாள். கடிகார வாரின் கொக்கியில் ஒரு வெள்ளை நூல் மாட்டியிருந்தது. மணிக்கட்டில் முடிந்த கயிறு இப்போது மணிக்கட்டில் இல்லை. அரைச் சாண் மேலே போயிருந்தது.

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். தப்பான முனையை இழுத்தால் நகம்தான் வலிக்கும். சரியான முனை கிடைத்துவிட்டால் ஒரே இழுப்பில் 'சர்ர்ர்' என்று மொத்தமும் வந்துவிடும். சங்கிலித் தையல் அப்படித்தான். சரியான முனை வெல்டாவின் கடிகாரத்தில் இருந்தது.

"அசையாதே!"

ஆரின் கத்திய வேகத்தில் அவள் திடுக்கிட்டு அசைந்தாள். கயிறு முழங்கை வரை போய்விட்டது.

7

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். காரணம், இரண்டு தாய், ஒரு குழந்தை, ஒரு நீதிபதி என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிற அந்த வழக்கு வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. உண்மையான அன்புள்ளவர் கையை விட்டுவிடுவார், அவருக்கே பொருள் சேரும், சுபம்.

நடந்தது அதுவல்ல.

"கயிறு போயிட்டா," என்றாள் வெல்டா மெல்ல, மூச்சைக்கூட அளந்து விட்டபடி, "முதுகுல இருக்கிறவன் வெறுங்கையை ஆட்டிக்கிட்டு நிப்பான்."

"டாட்டா காட்டுற மாதிரி."

"சிரிக்க வைக்காதடா, பாவி."

"என் தொப்பியைக் கழட்டு. உள்பட்டியில ஊசி இருக்கு."

"தொப்பிக்குள்ள ஊசி வச்சுக்கிட்டா நடக்கிறே?"

"நாற்பது சட்டை வச்சிருக்கேன்ல."

நூல் முனையை ஊசியில் கோத்து, கடைசிக் கண்ணிக்குள் விட்டு முடிச்சுப் போட்டால் கயிறு நின்றுவிடும். குழந்தை வேலை. ஆனால் இரண்டு கை வேண்டும். ஆரின் தன் வலது கையைப் பார்த்தான். அது சட்டையைப் பிடித்திருந்தது. வெல்டா தன் இடது கையைப் பார்த்தாள். அது சட்டைக்குள் இருந்தது.

"நீ ஒரு கை குடு," என்றாள் அவள். "நான் ஒரு கை தர்றேன்."

இரண்டு பேர் சேர்ந்து ஒரு தையல்காரராக மாறுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் வலது கை ஊசியைப் பிடித்தது, அவன் இடது கை நூலை. நூல் ஊசிக்காதின் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை. "உன் பக்கம் சாய்க்காதே." "நான் சாய்க்கல, நீ ஆடுறே." "காலையில என்ன குடிச்சே?" "காப்பி. ஆறு கப்."

அப்போது ஆரின் தலையைத் திருப்பாமல் கூப்பிட்டான்: "ஏய், விளக்கு!"

(முதல் மூன்று வரைவுகளில் இந்த இடத்தில் நான் இல்லை. காற்றடிக்க, தானாகவே நூல் கோத்துக்கொண்டது. உண்மையில் நடந்தது இதுதான்: விளக்கைக் கீழே வைத்தேன், நூலைக் கோத்துக் கொடுத்தேன், திரும்பியபோது ஊதா ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் அந்த விளக்கோடு நடையில் போய்க்கொண்டிருந்தாள். சட்டப்படி அவள் செய்தது சரி.)

அவன் கை கண்ணியை விரித்தது. அவள் கை ஊசியை உள்ளே விட்டது. இழுத்தார்கள். இன்னொரு முறை. ஆரின் குனிந்து நூலைப் பல்லால் கடித்தான்.

கயிறு நின்றது. முழங்கைக்குச் சற்று மேலே, தோள்வரைக்கும் முழுசாக, குதிரைமேல் இருப்பவன் வீசிய கயிறு அவனிடமே இருந்தது.

வெல்டா கத்தியது தெருவரை கேட்டிருக்கும். ஆரின் தொப்பியைத் தூக்கி எறிந்தான். அது அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள், தையல் வேலை பார்த்த கைகளால். மற்ற இரண்டு கைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

8

முடிவுகள்:

அ) ஆரின் விடுகிறான். மாலையில் வெல்டா பாடுகிறாள். மூன்றாவது பாட்டில் கூட்டம் மேடைவரை நெருங்கி ஆடுகிறது. யார் கையிலோ சாஸ் கிண்ணம்... (வேண்டாம். என்னால் எழுத முடியவில்லை.)

ஆ) வெல்டா விடுகிறாள். சட்டை பெட்டிக்குள் போகிறது. நூறு வருடம் கழித்தும் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அதைப் பார்க்க யாரும்—

இ) இன்று அவள் போட்டுக்கொள்ளட்டும், நாளை முதல் அவன் வைத்துக்கொள்ளட்டும். இதை எழுதி முடித்து, திருப்தியோடு வெல்டாவிடமே தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள். "உனக்குச் சட்டை சேர்க்கிறவங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்கிறது நல்லாத் தெரியுது."

ஆரினிடமும் கேட்டேன். "முடிச்சு மூணு சுத்துன்னு எழுதிட்டியா? ரெண்டுதான் போட்டோம். அதை எழுது," என்றான்.

9

ஆகவே கடைசியாக எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவே. முடிச்சு இரண்டு சுற்று. மதியம் நெருங்குகிறது. நடீன் அம்மாள் வெளிக்கதவைச் சாத்திவிட்டு நடையில் வரும் சத்தம் கேட்கிறது. வெல்டா தன் கைப்பட்டியையும் ஆரினின் முகத்தையும் பார்க்கிறாள். வாய்க்குள் ஏதோ பாட்டின் முதல் வரி. ஆரின் அதைக் கேட்டுவிட்டான். அவன் பூட்ஸ் முனை தாளம் போட ஆரம்பித்திருக்கிறது. அது அவனுக்கே தெரியாது.

நான் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறேன். கையை எடுத்தவனுக்கு எதுவும் மிஞ்சாது என்பதுதான் இந்த ஊர்ச் சட்டம். என் பங்கை நான் விளக்கோடு விட்டாயிற்று.

நீங்கள் அப்படியில்லை. முதல் வரியிலிருந்து இதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். இப்போது உங்களுடையதையும் சேர்த்துச் சட்டையில் மூன்று கைகள். பிடித்திருக்கும்வரை உங்களுடையது, யாரும் கேட்கக்கூடக் கூடாது.

இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.