உபவாசத்தில் ஏறிய எடை

என் வீட்டுக்காரர் தனசிங்கைப் போல உபவாசம் இருக்க தாம்பரம் சபையில் ஆள் கிடையாது என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து வந்தால் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அப்புறம் ஏன் மனிதர் வருஷா வருஷம் ஊதிக்கொண்டே போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டால் எனக்கு விசுவாசம் போதாதாம்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஜனவரியில், இராப்போஜன அப்பமும் ரசமும் வாங்கப் பலிபீடத்தின் முன் முழங்கால் படியிட்டவர் எழுந்திருக்கவில்லை. ஜெபிக்கிறார் என்று நினைத்துப் போதகரான ஐயர் காத்திருந்தார். கடைசியில் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் இராப்போஜனத்துக்கு எழுந்து போவதே இல்லை. உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவருகிறேன் என்றார் ஐயர். அது படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு என்று இவர் மறுத்துவிட்டார். பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழனன்றாவது எல்லோரையும்போல முழங்கால் படியிட்டு வாங்கிவிட வேண்டும், அதுதான் அவருடைய ஏக்கம்.

டாக்டர் எட்மண்டிடம் இழுத்துக்கொண்டு போனேன். உடம்பில் ஒரு கிலோ கூடினால் நடக்கும்போது முட்டிக்கு அது மூன்று நான்கு கிலோவாகத் தெரியும் என்றார் அவர். மூட்டில் எலும்புக்கு மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதாம்; வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்ததில் தொடைச் சதையும் வலுவிழந்துவிட்டதாம். பட்டினி கிடக்காதீர்கள், மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள் என்று சொல்லி அனுப்பினார். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்த மனிதர், லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். டாக்டர் குறைக்கத்தான் சொன்னார், தான் அடியோடு விட்டுவிட்டதாகப் பெருமை வேறு.

லெந்து முழுக்க சாயங்காலங்களில் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் இவர். ஒருநாள் நானும் கூடப் போனேன், பெருங்களத்தூரில் புஷ்பம் அக்கா வீட்டுக்கு. ஆமென் சொன்ன கையோடு தட்டு வந்தது. மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வடை. காலையிலிருந்து பட்டினி கிடக்கிறவர் என்று இவருக்கு மட்டும் தட்டு நிறைய வடை, அதன் பக்கத்தில் கேசரி, கடைசியில் பாயசம். அது போதாதென்று வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் இதே கூத்தா என்று பஸ்ஸிலேயே கேட்டேன். அன்பாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது என்றார்.

பெரிய வியாழன் வந்தது. பலிபீடத்தின் முன்னாலிருந்த கிராதியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கப் பார்த்தார். பாதிகூட மடங்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. நின்றபடியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஐயர் மெதுவாகச் சொன்னார். இவர் வாங்காமலே திரும்பி நடந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"பட்டினி கெடக்கறது உங்களுக்கு ஒரு கஷ்டமே இல்லைங்க. அதுக்கு ஊரே பாராட்டுது. உபவாசக்காரர்ங்கற பேரை விடுங்க பார்க்கலாம். அது உங்களால முடியாது."

அவர் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் பெரிய வெள்ளி. சின்னப் பிள்ளைகள்கூடச் சாப்பிடாத நாள். எங்கள் வீட்டில் காலையில் அடுப்பே எரியாது. அவர் சமையலறைக்கு வந்து, மாவு இருந்தால் ரெண்டு இட்லி ஊற்றேன் என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஊற்றி வைத்தேன்.

அவர் முதல் இட்லியை முடித்த நேரம் பார்த்து, என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக புஷ்பம் அக்கா உள்ளே வந்தார். தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணா, இன்னிக்குப் போயா சாப்பிடறீங்க?"

அவர் முகம் கறுத்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்மா. இனிமே தினமும் காலையில சாப்பிடப் போறேன். சாயங்காலம் உங்க வீடுங்கள்ல ஜெபம் மட்டும்தான்."

அக்கா எனக்காகக் காத்திருக்காமல் விறுவிறுவென்று கிளம்பினார். ஆராதனை தொடங்குவதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் இரண்டாவது இட்லியையும் பிட்டுச் சாப்பிட்டார்.